“இரும்பு ஃபேக்டரியா அக்கா?” என்று கேட்ட தம்பிக்கு

வணக்கம் மக்களே, பசியாறிவிட்டீர்களா? நான் இன்னும் இல்லை. கையில் தே ஓ மட்டும்தான், சீனி போடாதது, உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை, பாடாங் செராயில் எங்கள் வீட்டு முன்வாசல். பக்கத்து வீட்டுச் சேவல் நடுநடுவே கூவும், அந்தச் சத்தத்தை இந்தப் பதிவில் இருந்து நான் வெட்டி எடுக்கப் போவதில்லை.

என் மைவி காரின் ஏர்கான் கதைக்கு இரண்டாம் பாகம் கேட்டிருந்தீர்கள். அது அடுத்த வாரம். நேற்று நடந்ததைச் சொல்லாமல் வேறு எதையும் பேச எனக்கு மனசு வரவில்லை.

நேற்று ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்கு வேலைக் கண்காட்சி. எங்கள் உருக்காலைக்கும் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். நானும் இன்னொரு இன்ஜினியரும் போயிருந்தோம். எங்களுக்கு வலது பக்கம் ஒரு சிப் கம்பெனி. அங்கே வரிசை கதவைத் தாண்டி வெளியே நிற்கிறது. எங்கள் மேசைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் வந்தது நாலு பேர். அதில் இரண்டு பேர் பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவன் நம் பையன். மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு. எங்கள் பேனரைப் படித்துவிட்டுத் தமிழில் மெதுவாகக் கேட்டான்: “இரும்பு ஃபேக்டரியா அக்கா? அம்மா திட்டுவாங்க. படிக்காதவங்க போற இடம்னு சொல்வாங்க.”

ராத்திரி முழுக்க அந்த வார்த்தை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அவன் அம்மா மேலும் இல்லை. என் அம்மாவும் 2013-இல் இதையேதான் சொன்னார். “தோட்டத்துல பாட்டி வெயில்ல நின்னது போதும், நீ ஏர்கான் ரூம்ல உக்கார்ற வேலையா பாரு.” தோட்டத்து வீடுகளில் பிறந்த எல்லாரும் கேட்டு வளர்ந்த பேச்சு இது. பட்ட கஷ்டத்தில் இருந்து வருகிற பேச்சு. ஆனால் அதற்காக நாலு வருஷம் பொறியியல் படித்த பிள்ளை, தான் படித்ததெல்லாம் கண்ணெதிரே நடக்கிற ஓர் இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, முதலில் தராசு கதை. இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கண்காட்சிக்கு வெறும் பேப்பரோடு போகக்கூடாது, கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள் வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோன்றியது. நம் பட்டணத்து ஹார்ட்வேர் கடையில் 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் வெட்டித் தரச் சொன்னேன். ஐந்து வெள்ளி. துண்டுக் கம்பிக்கு அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நேராக வெட்டித் தந்தார். அடுத்து அதை நிறுக்கத் தராசு. முதல் கடையில் சமையலறைத் தராசு 52 வெள்ளி. கேக் செய்கிற தராசுக்கு 52 வெள்ளியா? வெளியே வந்துவிட்டேன். கூலிம் பக்கம் இன்னொரு கடையில் அதே மாதிரி 39 வெள்ளி 90 சென். வாங்கி வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே பேட்டரி இல்லை! பெட்டியின் மேலே பேட்டரி படம் போட்டிருக்கிறது, உள்ளே இல்லை. மறுபடி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஆறரை வெள்ளிக்குப் பேட்டரி. ஆக 46 வெள்ளி 40 சென். இப்படிப் படம் போட்டு விற்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

அப்புறம் பார்த்தால், ஒரு மீட்டர் கம்பியை அந்தச் சின்னத் தராசின் மேல் வைத்தால் எண் தெரிகிற இடத்தைக் கம்பி மறைக்கிறது. சாய்கிறது, உருள்கிறது. கடைசியில் காலி மைலோ டின்னைத் தராசின் மேல் நிறுத்தி, டின்னின் எடையைப் பூஜ்யமாக்கி, கம்பியை டின்னின் வாயில் குறுக்கே படுக்க வைத்தேன். நின்றது! 871 கிராம்.

இப்போது இதைக் கவனியுங்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 பெருக்கல் 12, 144. 162-ஆல் வகுத்தால் 0.889. அதாவது 889 கிராம் இருக்க வேண்டும். என் கம்பி 871. தரநிலையில் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள், அதற்குள்தான் இருக்கிறது. நல்ல கம்பி. 162 எங்கிருந்து வந்தது? உருக்கின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 7,850 கிலோ. வட்டத்தின் பரப்பளவை அதோடு பெருக்கிப் பாருங்கள், தானாக வந்து நிற்கும். வீடு கட்டுகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்த கம்பியை இப்படித்தான் பிடிப்பது.

நேற்று அந்தத் தராசையும் மைலோ டின்னையும் கம்பியையும் மேசையில் வைத்தேன். மதியத்துக்கு மேல் கூட்டம் வந்ததே அதனால்தான். “எடையைக் கணக்குப் போட்டுச் சொல், அப்புறம் நிறுத்துப் பார்” என்று சொன்னால் இன்ஜினியரிங் பிள்ளைகள் சும்மா போவார்களா? அந்தத் தம்பியும் திரும்பி வந்தான். நாற்பது நிமிஷம் பேசினோம். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே உங்களிடமும் சொல்கிறேன்.

எங்கள் ஆலையில் பழைய இரும்பை உருக்குகிறோம். உங்கள் தாமானுக்கு லோரியில் வந்து பழைய ஃபிரிட்ஜ், ஓடாத மோட்டார், துருப்பிடித்த கேட் எல்லாம் எடுத்துப் போகிறார்களே, அந்த இரும்பு எத்தனையோ கை மாறி எங்களைப் போன்ற ஆலைக்குத்தான் வந்து சேர்கிறது. மின்வில் உலையில் கொட்டி, மூன்று கிராஃபைட் தூண்களை இறக்கி மின்சாரம் விடுவோம். முதல் சில நிமிஷம் இடி இடிக்கிற சத்தம். இரும்பு உருகி அடங்க அடங்கச் சத்தமும் அடங்கும். பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டே உலை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வார்கள். ஒரு டன் உருக்க ஏறக்குறைய 400 யூனிட் மின்சாரம். என் வீட்டுக்குப் போன மாதம் வந்த கணக்கு 380 யூனிட். ஒரு மணி நேரத்துக்குள் பல பத்து டன் உருகிவிடும். 1,600 டிகிரியில் அதைச் சாய்த்து லேடல் என்கிற பெரிய கொப்பரையில் இறக்குகிறபோது அந்த வெளிச்சம் கூரை வரைக்கும் போகும். பதினொரு வருஷத்துக்கு மேல் பார்த்துவிட்டேன், இன்னும் ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கிறேன். இப்படி இறக்குவதற்கு எங்கள் வேலையில் ‘டேப்பிங்’ என்று பெயர். ரப்பர் மரத்தில் என் பாட்டி செய்ததற்கும் அதே பெயர்தான்.

அந்தத் தம்பி கேட்டான், “இதுல எனக்கு என்ன வேலை அக்கா? பட்டன் அழுத்துறதா?” நல்ல கேள்வி. நான் அவனுக்குச் செம்பைப் பற்றிச் சொன்னேன்.

பழைய இரும்போடு மோட்டார் சுருள், வயர் என்று செம்பும் வந்துவிடும். கார்பன் கூடினால் ஆக்சிஜன் ஊதி எரித்துவிடலாம். பாஸ்பரஸ் இருந்தால் சுண்ணாம்பு போட்டு, மேலே மிதக்கிற கசடில் இழுக்கலாம். செம்பு மட்டும் போகவே போகாது. இரும்பு முந்திக்கொண்டு ஆக்சிஜனோடு சேரும், செம்பு அப்படியே உருக்கில் தங்கிவிடும். அந்த உருக்கைச் சூடாக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டு உருட்டும்போது செம்பு மேற்பரப்பில் உருகிச் சேர்ந்து வெடிப்பு விடும். கட்டடக் கம்பி என்றால் 0.4 சதவீதம் வரை பொறுக்கும். கார் உடம்புக்கான மெல்லிய தகட்டுக்கு 0.1 சதவீதமே அதிகம். உலகம் எவ்வளவுக்குப் பழைய இரும்பைத் திரும்பத் திரும்ப உருக்குகிறதோ, அவ்வளவுக்கு இந்தச் செம்பு சேர்ந்துகொண்டே போகிறது. உருகிய உருக்கில் இருந்து மலிவாகச் செம்பைப் பிரிக்கிற வழி ஆலைகளில் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. கேமரா வைத்து லோரியிலேயே செம்பைக் கண்டுபிடிக்கலாமா? எந்த லோட்டை எதோடு கலக்கலாம்? மெக்கானிக்கல் படித்தவன், கெமிக்கல் படித்தவன், கம்ப்யூட்டர் படித்தவன் எல்லாருக்கும் இதில் வேலை இருக்கிறது. இதைச் சொன்னபோது அவன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான்.

ஆ, எலெக்ட்ரிகல் பிள்ளைகளை விட்டுவிட்டேன். மின்வில் உலை மின்சாரத்தை ஒரே சீராக இழுக்காது, குதித்துக் குதித்து இழுக்கும். அதைச் சமாளிக்காவிட்டால் சுற்று வட்டாரத்தில் விளக்கு மினுக்கும். பவர் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

கரியமில வாயு விஷயமும் இருக்கிறது. இரும்புத் தாதுவையும் நிலக்கரியையும் வைத்து ஊதுலையில் ஒரு டன் உருக்குச் செய்தால், இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியே போகிறது. பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கினால் ஒரு டன்னுக்கும் குறைவு. சுவீடனில் நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனை வைத்துச் செய்து, 2021-இல் முதல் உருக்கைக் கொடுத்தே விட்டார்கள். ஐரோப்பா 2023 அக்டோபரில் இருந்து இறக்குமதி உருக்குக்கு, அதைச் செய்ய எவ்வளவு கரியமில வாயு போனது என்று கணக்குக் கேட்கிறது. நம் மலேசியாவிலும் 2025 பட்ஜெட்டில் இரும்பு, உருக்குத் துறைக்குக் கார்பன் வரி என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஆள் ஒவ்வோர் ஆலைக்கும் வேண்டும்.

இப்போது அந்த அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

பினாங்கின் பிறையில் மலாயாவாத்தா என்று ஓர் உருக்காலை இருந்தது. 1961-இல் ஜப்பானின் யவாத்தா உருக்குக் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கியது, பெயரே இரண்டும் சேர்ந்ததுதான். 1967-இல் உற்பத்திக்கு வந்தது. அந்த ஊதுலைக்கு எரிபொருள் என்ன தெரியுமா? ரப்பர் மரக் கரி. பால் வற்றிப்போன கிழட்டு மரங்களை வெட்டி, சூளையில் போட்டுக் கரியாக்கி, அதை வைத்து இரும்பு செய்தார்கள். என் தாத்தா விக்டோரியா தோட்டத்துப் பக்கம் மரம் வெட்டி லோரியில் ஏற்றியவர். “எங்க போகுதுன்னு கேட்டா, பிறைக்கு, இரும்பு காய்ச்சன்னு சொல்வாங்க” என்று பாட்டி சொல்லுவார். பாட்டி இருபது வருஷம் பால் வெட்டிய மரம் இந்த நாட்டின் கட்டடங்களுக்குள் கம்பியாகப் போயிருக்கிறது. இரும்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள் அம்மா. கரி ஏற்றினோம், உலைமுன் நின்றோம். இப்போது அந்த உலைக்கு எவ்வளவு ஆக்சிஜன், எவ்வளவு சுண்ணாம்பு என்று முடிவு செய்கிற நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் உங்கள் பிள்ளை உட்காரட்டும்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். ஷிஃப்ட் உண்டு, தீபாவளியன்று வேலை வரலாம். சூடு உண்டு. உலைக்குள் ஈர இரும்பு போனால் வெடிக்கும், அதனால் பாதுகாப்பு விதியில் யாருக்கும் சலுகை கிடையாது. முதலில் நான் இருந்த ஓர் ஆலையில் பெண்களுக்குக் கழிவறை ஐந்து நிமிஷம் நடக்க வேண்டிய தூரத்தில் இருந்தது. எழுதிக் கேட்டு எட்டு மாதம் கழித்துப் பக்கத்தில் கட்டினார்கள். இன்டர்வியூவுக்குப் போகிற பெண்பிள்ளைகள் இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வியாபாரமும் எப்போதும் சுகமில்லை. உலக உருக்கில் பாதிக்கு மேல் சீனா செய்கிறது, விலை அங்கே விழுந்தால் இங்கேயும் விழும். பந்திங்கில் ஒரு பெரிய ஆலை 2016-இல் நின்றே போனது. புது ஆலை உரிமங்களை அரசாங்கம் 2023 ஆகஸ்டில் இரண்டு வருஷத்துக்கு நிறுத்தியது, நாட்டில் ஆலைகள் தேவைக்கு மேல் இருக்கின்றன என்று. அதனால் கம்பெனியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆனால் உருக்கும் உருட்டும் கற்றவன் சிமெண்டுக்கும் போகலாம், அலுமினியத்துக்கும் போகலாம், நீங்கள் வரிசையில் நிற்கிற அந்தச் சிப் கம்பெனிக்கும் போகலாம். வேலையில் சேர்ந்ததும் பொறியாளர் வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். தொழில்முறைப் பொறியாளர் ஆவதற்கு வேண்டிய மூன்று வருஷ அனுபவம் அங்கே கணக்கில் வரும்.

இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதும்போது “எந்தப் பிரிவானாலும் சரி” என்று எழுதாதீர்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. உருக்குகிற பிரிவா, உருட்டுகிற பிரிவா என்று சொல்லிக் கேளுங்கள். நிபோங் திபாலில் மெட்டீரியல்ஸ் படிக்கிறவர்கள் பிறைக்கு அரை மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறீர்கள்.

ஒன்று மறந்தே போனேன்! நேற்று நாலாவதாக வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லையே. சுங்கைப்பட்டாணிப் பெண், கெமிக்கல். அவள்தான் தராசைப் பார்த்துவிட்டு, “டின்னோட எடையைக் கழிச்சீங்களா அக்கா?” என்று முதலில் கேட்டவள். அந்த இடத்திலேயே பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். இன்று காலை ஆறரைக்கு அவளிடம் இருந்து மெசேஜ்: ஆலையைச் சுற்றிப் பார்க்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம், சேஃப்டி பூட்ஸ் சொந்தமாக வாங்க வேண்டுமா, என்ன சைஸ் என்று கேட்கிறாள். அன்றைக்கு ஆலையிலேயே தருவார்கள், வாங்க வேண்டாம். சைஸ் கேட்டால் ஒன்று கூட்டிச் சொல் தங்கச்சி, தடித்த காலுறை போட வேண்டியிருக்கும்.