சட்டக் கல்லூரியை நினைக்கும் பள்ளி மாணவர்களுக்கு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, அன்பு மாணவ மாணவியரே!

மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு பெயர்களே ஓயாமல் ஒலிக்கும் வகுப்பறைகளில் இருந்துகொண்டு, சட்டம் படிக்க வேண்டும் என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. அந்த எண்ணம் வந்தவுடன் சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கிப் பிரிவு எண்களை உருப்போடத் தொடங்கிவிடாதீர்கள். கொலைக் குற்றத்துக்கு 302ஆம் பிரிவு என்பது நம் ஊர்த் திண்ணைகளிலும் தெரிந்த செய்தியாக இருந்தது; 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின், அது 103ஆம் பிரிவாகிவிட்டது. வேண்டுமென்றே கொன்றாரா, தற்காப்புக்காகத் தாக்கினாரா என்று சாட்சியங்களிலிருந்து பிரித்தறியும் வேலையோ அன்றுபோலவே இன்றும் இருக்கிறது.

அந்த வேலைக்குக் கூர்ந்து வாசிக்கும் பழக்கம் வேண்டும். உங்கள் வீட்டில் பழைய கிரயப் பத்திரம் ஏதேனும் இருந்தால், பெரியவர்களிடம் கேட்டு வாங்கிப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். எழுதிக்கொடுத்தவர் யார், அவருக்கு அந்த நிலம் எப்படிப் பாத்தியமானது, நான்கு எல்லைகள் எவை என்பதெல்லாம் அதில் இருக்கும்; வடக்கு எல்லையாகக் குறிக்கப்பட்ட வாய்க்கால் பிற்காலத்தில் தூர்ந்துபோயிருந்தால் பக்கத்து நிலக்காரருக்கும் உங்களுக்கும் என்ன தகராறு எழக்கூடும், அதை எந்த ஆவணத்தைக் கொண்டு தீர்ப்பது என்று யோசித்தீர்களானால், சட்டக் கல்வியின் முதல் பாடத்தில் நுழைந்துவிட்டீர்கள். உங்கள் பள்ளிக்கு விடுமுறையாகவும் நீதிமன்றத்துக்கு வேலை நாளாகவும் அமையும் ஒரு நாளில், அருகிலுள்ள முன்சீப் கோர்ட்டுக்கு, அதாவது சொத்து, பணம் போன்ற உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிமன்றத்துக்கு, சென்று பின்வரிசையில் அமைதியாக அமர்ந்து கவனியுங்கள். வழக்கு விசாரணைகள் பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. கூண்டில் நிற்கும் சாட்சி தமிழில் சொல்வதை வழக்கறிஞர் எந்தக் கேள்வியால் சோதிக்கிறார் என்பதைப் புத்தகம் படித்து மட்டும் அறிய முடியாது.

தமிழ்வழியில் படிப்போர் ஆங்கிலத்தை எண்ணி அஞ்சுகிறார்கள். உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் அது தேவைப்படுகிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. நாள்தோறும் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தை வாசித்து, அதன் வாதத்தை உங்கள் சொந்தத் தமிழில் நான்கு வரிகளில் எழுதி வந்தால் இரண்டு மொழிகளும் சேர்ந்தே வளரும். வழக்கோடு உங்களைத் தேடி வரும் கட்சிக்காரர் தம் துயரத்தைத் தமிழில்தானே சொல்லப்போகிறார்?

சேர்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. திருச்சியிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்குக் கிளாட் (CLAT) என்னும் சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு உண்டு: 2 மணி நேரம், 120 வினாக்கள், பெரும்பாலும் பத்திகளை வாசித்து விடையளிப்பவை, முன்கூட்டிய சட்ட அறிவை அது எதிர்பார்ப்பதில்லை. இப்போது வீட்டில் உடன்படாவிட்டால் மனம் தளர வேண்டாம். விரும்பிய பட்டப்படிப்பை முடித்துவிட்டு மூன்றாண்டு எல்எல்.பி. சட்டப் படிப்பில் சேரும் வழி அப்போதும் திறந்தே இருக்கும்.