குற்றம் பார்த்த பிறகும் சுற்றம்

(நூலக வார விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, பந்தல் போடுவதிலிருந்து ஒலிபெருக்கி வரை எல்லாவற்றையும் கூட நின்று கவனித்த நூலகர் அம்மா அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, வரவேற்புரையில் கம்பனையும் ஔவையையும் ஒருசேர அழைத்து வந்த தமிழாசிரியர் ஐயா அவர்களே, இந்த நூலகத்தின் புரவலர்களே, முன்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பின்னால் நிற்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு அடுத்து இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. இருந்தும் இந்தப் பேச்சு முடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் கேட்க வேண்டிய ஒரு கோரிக்கை பேச்சின் கடைசியில் வருகிறது என்பதால் அந்தப் பெருந்தன்மைக்கு இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன். நூலக வார மேடையில் மங்காவைப் பற்றிப் பேச இடம் கொடுத்த நூலகர் அம்மாவுக்கும் நன்றி. அந்தத் துணிவு எல்லா ஊரிலும் கிடைத்துவிடாது.

மங்கா என்பது ஜப்பானியப் படக்கதை. வார இதழில் வந்தால் வாரத்துக்குச் சுமார் இருபது பக்கம், மாத இதழில் வந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. அப்படி வந்த அத்தியாயங்களைச் சேர்த்து, ஏறக்குறைய 190 பக்கத்துக்கு ஒரு தொகுதி போடுவார்கள். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இன்று இந்தத் தொடர்களில் வரும் ஒரு வகை மனிதர்களைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். தீமை செய்தவர்கள், செய்தோம் என்று தெரிந்தவர்கள், பிறகும் மனிதர்களோடு வாழ வேண்டியிருப்பவர்கள். மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, ஒருவன் திருந்துவதைத் தாளில் எப்படி வரைந்து காட்டுகிறார்கள். இரண்டு, அவனால் பாதிக்கப்பட்டவர் அந்தக் கதையில் எங்கே நிற்கிறார். மூன்று, ஏன் இத்தனை கதைகள் குற்றவாளியைச் சாகடித்துக் கணக்கை முடித்துவிடுகின்றன.

"குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை" என்றார் ஔவையார். நான் ஏறும் மேடையிலெல்லாம் சொல்லும் வரி இது. சித்தப்பா செய்த சின்னத் தவறு, பங்காளி பேசிய ஒரு வார்த்தை, இவற்றுக்கெல்லாம் இந்த வரி பொருந்தும். அப்பாவைக் கொன்றவனுக்குப் பொருந்துமா? ஒரு குழந்தையின் காதைக் கிழித்தவனுக்குப் பொருந்துமா? இந்த மங்காக்கள் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

யோஷிதோகி ஓஇமா வரைந்த "எ சைலன்ட் வாய்ஸ்" தொடரை எடுத்துக்கொள்கிறேன். 2013 ஆகஸ்டிலிருந்து 2014 நவம்பர் வரை வார இதழில் வந்தது. 62 அத்தியாயம், ஏழு தொகுதி. ஆறாம் வகுப்புக்குக் காது கேளாத நிஷிமியா என்ற சிறுமி வந்து சேர்கிறாள். அவளை வதைப்பவன் இஷிதா. கதையின் நாயகனும் அவனேதான். காதொலிக் கருவியைப் பிடுங்கி எறிகிறான், ஒருமுறை இழுத்த இழுப்பில் அவள் காதில் ரத்தம் வருகிறது. ஐந்து மாதத்தில் எட்டுக் கருவி போகிறது. பள்ளி விசாரிக்க வருகிறபோது, அதுவரை கண்டும் காணாமலும் இருந்த ஆசிரியர் அவன் ஒருவனை மட்டும் சுட்டிக்காட்டுகிறார். கூடச் சிரித்த நண்பர்கள் எல்லோரும் அவனைக் கைகழுவுகிறார்கள். அடுத்த நாளிலிருந்து அவனே வகுப்பின் புதிய இலக்கு.

இதை அச்சில் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. ஓஇமாவின் முதல் சிறுகதை வடிவம் 2008-இல் புதியவர்களுக்கான பரிசு வாங்கியது. பொருள் அப்படிப்பட்டது என்பதால் பரிசு பெற்ற கதை 2011 வரை இதழில் வரவில்லை. வழக்கறிஞர்களிடம் காட்டினார்கள், ஜப்பானிய காதுகேளாதோர் கூட்டமைப்பிடம் காட்டினார்கள், அதன் பிறகே வெளியிட்டார்கள். ஓஇமாவின் தாயார் சைகைமொழி பெயர்ப்பாளர். வரைந்திருக்கும் கைகளை உற்றுப் பார்த்தால் அந்த வீட்டுப் பயிற்சி தெரியும்.

இப்போது கதைக்குள் வரும் தாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெற்றோர்கள் கேட்க வேண்டும். இஷிதாவின் அம்மா கணவர் துணையில்லாமல் பிள்ளை வளர்ப்பவர். வீட்டோடு சேர்ந்த சின்ன முடிதிருத்தகம் வைத்திருக்கிறார். எட்டுக் கருவிக்கு 17 லட்சம் யென். ஒரு தலைக்கு இவ்வளவு என்று வெட்டிச் சம்பாதிக்கிறவருக்கு 17 லட்சம் என்றால் என்னவென்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அவர் பிள்ளையை அடிக்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு போய் நிஷிமியாவின் அம்மாவிடம் கொடுத்து, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறார். பையன் அதைப் பார்க்கிறான், மறக்கவில்லை. ஆண்டுகள் ஓடுகின்றன. மேல்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கும் அவனுக்கு ஒரு நண்பனும் இல்லை. பகுதிநேர வேலை பார்க்கிறான், தன் பொருள்களை விற்கிறான், யென் யென்னாகச் சேர்க்கிறான். ஒருநாள் அந்தப் 17 லட்சத்தையும் கட்டாகக் கட்டி, தூங்குகிற அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிறான். கடன் தீர்ந்தது, இனி நாம் இருக்க வேண்டியதில்லை என்பது அவன் கணக்கு. நிஷிமியாவைத் தேடிப் போய், அவளுடைய பழைய நோட்டைத் திருப்பிக் கொடுத்து, கற்று வைத்திருந்த சைகைமொழியில் பேசுகிறான். சாகப் போனவன் சாகாமல் வீடு திரும்புகிறான்.

மறுநாள் காலைச் சாப்பாடு. அம்மா வழக்கம்போலத்தான் பேச்சைத் தொடங்குகிறார். பிறகு, நீ சாக நினைத்தாயா என்று கேட்கிறார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பணக்கட்டைக் கையில் எடுக்கிறார், லைட்டரைப் பற்ற வைக்கிறார். இனி இப்படி நினைக்க மாட்டேன் என்று சொல், இல்லாவிட்டால் இதை எரித்துவிடுவேன் என்கிறார். பையன் பதறிப்போய் வாக்குக் கொடுக்கிறான். கொடுத்தும் பயனில்லை, தீ பற்றிக்கொண்டுவிட்டது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த காசு அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே கருகிப்போகிறது. பெற்றோர்களே, இதை ஒரு வேடிக்கைக் காட்சியாகப் படித்துவிட்டுப் போக முடியாது. அவன் பணத்தைக் கொடுத்து உறவைத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தான். பணம் போய்விட்டதால் கடன் நிற்கிறது. கடன் நிற்பதால் அவன் வாழ்ந்தாக வேண்டும். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பதை அந்த அம்மா வேறு விதமாக நடத்திக் காட்டுகிறார். குற்றத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, மகனுக்கு அதே மேசையில் சோறும் போடுகிறார்.

இனி வரைகிற முறைக்கு வருகிறேன். இஷிதாவால் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியாது. அதை வசனத்தில் சொல்லாமல், வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு பெரிய பெருக்கல் குறியை ஓஇமா ஒட்டிவிடுகிறார். நாகத்சுகா என்ற குண்டுப் பையனுக்கு இஷிதா தன் சைக்கிளைக் கொடுத்து உதவிய பிறகு, முதன்முதலாக அந்த ஒரு முகத்திலிருந்து குறி உதிர்ந்து விழுகிறது. அடுத்தடுத்த தொகுதிகளில் ஒரு முகத்தில் விழுகிறது, சண்டை வந்ததும் திரும்பவும் ஒட்டிக்கொள்கிறது. மொத்தமாக உதிர்வது ஏழாம் தொகுதியில், பள்ளி விழாக் கூட்டத்துக்கு நடுவே. திருத்தம் என்பது ஏறி இறங்கித்தான் போகும் என்பதை இதைவிடத் தெளிவாகப் படத்தில் காட்ட முடியாது. ஆறாம் தொகுதியில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒவ்வொருவர் கண்வழியாகப் போகிறது. நிஷிமியாவின் முறை வரும்போது பேச்சுக் குமிழிகளில் எழுத்துகள் பாதி அழிந்து கிடக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அவளுக்கு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் நமக்கும்.

பக்கம் திருப்பும் இடத்தையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். வலமிருந்து படிப்பதால், இடப்பக்கத்தின் அடியில் இடது ஓரத்தில் இருக்கும் கட்டம்தான் திருப்புவதற்கு முந்தைய கடைசிக் கட்டம். கேள்வியை அங்கே வைத்துப் பதிலை மறுபக்கத்தில் வைப்பார்கள். ஒருவன் மன்னிப்புக் கேட்கிற இடம் பெரும்பாலும் அந்த மூலையில் இருக்கும்.

இரண்டாவது விஷயம், பாதிக்கப்பட்டவர். ஹிரோமு அரகாவாவின் "ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்", 2001 முதல் 2010 வரை மாத இதழில் வந்தது, 27 தொகுதி. இஷ்வால் என்ற மக்களை அரசுப் படை அழித்தொழிக்கிறது. அதில் தப்பியவன் ஸ்கார். அண்ணனுடைய கை இவனுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. கண் விழித்ததும் எதிரி இனத்து முகங்களைப் பார்த்து வெறிகொண்டு, தன்னைக் காப்பாற்றிய மருத்துவத் தம்பதியையே கொன்றுவிடுகிறான். அவர்களுடைய மகள் வின்ரி. தொடரின் நடுப்பகுதியில் உண்மை தெரிந்து அவள் துப்பாக்கியை நீட்டுகிறாள். என்னைச் சுட உனக்கு உரிமை உண்டு என்று அவனே சொல்கிறான். அவளால் சுட முடியவில்லை. நெடுநாள் கழித்து, வடக்கே பனி பெய்யும் ஊரில், காயத்தோடு நிற்கும் அவனுக்கு அவளே கட்டுப்போடுகிறாள். என் பெற்றோர் இருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள் என்கிறாள். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே என்றும் சொல்கிறாள். கட்டும் போட்டாகிவிட்டது, மன்னிப்பும் இல்லை. அரகாவா இந்த இரண்டையும் சேர்த்துவிடாமல் கடைசிவரை தனித்தனியே வைத்திருப்பதுதான் அந்தத் தொடரின் நேர்மை. ஸ்கார் பிறகு அழிந்துபோன தன் மண்ணைத் திரும்பக் கட்டும் வேலைக்குப் போகிறான்.

இந்த வகைக் கதைகள் எங்கே கெட்டுப்போகின்றன என்றும் சொல்லிவிடுகிறேன். வில்லனின் பிள்ளைப்பருவத் துயரத்தை இரண்டு அத்தியாயத்தில் காட்டி, அடுத்த அத்தியாயத்தில் நாயகன் அணியில் சேர்த்துவிடுவார்கள். அவனால் செத்தவர்களின் வீட்டுப் பக்கம் கதை திரும்பியும் பார்க்காது. வாசகர் கண்ணீர் விடுவார், கணக்கு அப்படியே கிடக்கும். குற்றமே பார்க்காமல் சுற்றம் சேர்த்தால் அதற்குப் பெயர் சலுகை.

மகோதோ யுகிமுராவின் "வின்லாண்ட் சாகா"வில் அந்தச் சலுகை கிடையாது. 2005-இல் தொடங்கி 2025-இல் முடிந்தது, 29 தொகுதி. தந்தையைக் கொன்ற அஸ்கெலாட் என்ற கொள்ளைத் தலைவனின் கூட்டத்திலேயே பழி வாங்கக் காத்துக்கொண்டு வளர்கிற தோர்ஃபின், அந்த ஆண்டுகளில் எண்ணிலடங்காதவர்களைக் கொல்கிறான். இந்தப் பகுதி 54 அத்தியாயம், எட்டாம் தொகுதி வரை. அதற்கு ஆசிரியர் வைத்த பெயர் முன்னுரை! அதன் பிறகு டென்மார்க்கில் ஒரு பண்ணை அடிமையாக, ஐனார் என்ற இன்னொரு அடிமையோடு காட்டை வெட்டுகிறான், வேர்க்கட்டையைப் பிடுங்குகிறான், கோதுமை விதைக்கிறான். பொறாமையில் பண்ணையாட்கள் பயிரைப் பிடுங்கி எறிந்தபோது கை ஓங்கிவிடுகிறான், பிறகு அதற்காக வெட்கப்படுகிறான். அரசனோடு பேச ஒரு வாய்ப்புக்காக நூறு குத்து வாங்குகிறவனும் இவன்தான். பின்னால் ஹில்ட் என்ற பெண் வருகிறாள். அவள் தந்தையைக் கொன்றவன் தோர்ஃபின். அவனை விட்டுவிடவும் இல்லை, கொல்லவும் இல்லை. சொன்ன சொல்லிலிருந்து தவறினால் எய்துவிடுவேன் என்று வில்லோடு கூடவே பயணம் வருகிறாள். அதுவும் ஒரு சுற்றம்தான்.

மூன்றாவது விஷயத்துக்கு நவோகி உராசாவாவின் "மான்ஸ்டர்" தொடரில் வரும் கிரிம்மரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கோரிக்கையைச் சொல்லாமல் இறங்க முடியாது என்பதால் அதை விட்டுவிட்டுக் கோரிக்கைக்கே போகிறேன்.

எண்களை மட்டும் பாருங்கள். ஸ்கார் கொலைகாரனாக அறிமுகமாவது இரண்டாம் தொகுதி. வின்ரி கட்டுப்போடுவது பாதித் தொடரைத் தாண்டி. தோர்ஃபின் கலப்பை பிடிப்பது எட்டாம் தொகுதிக்குப் பிறகு. நூலகங்கள் மங்கா வாங்கினால் முதல் மூன்று தொகுதி வாங்கி நிறுத்திவிடுகின்றன. அப்படியானால் பிள்ளைகள் கையில் நாம் கொடுப்பது குற்றத்தை மட்டும். மங்கா வன்முறையைக் கற்றுக்கொடுக்கிறது என்று பெற்றோர் சொல்லும் புகாரில் பாதி, இந்த அரைகுறைக் கொள்முதலிலிருந்து வருவது. ஆகவே நான் கேட்பது முழுத்தொகுப்பு. நூறு தலைப்பில் முதல் தொகுதி வேண்டாம், நான்கு தலைப்பில் கடைசித் தொகுதிவரை வேண்டும்.

செலவுக்கும் இடத்துக்கும் பயப்பட வேண்டாம். "சைலன்ட் வாய்ஸ்" ஏழும் சேர்ந்தால் அரைச் சாண் இடம். "ஃபுல்மெட்டல்" 27-ஐயும் மூன்று தொகுதி ஒரே புத்தகமாக ஒன்பதில் ஆங்கிலத்தில் வாங்கலாம். "மான்ஸ்டர்" 18-க்கும் ஒன்பது நூல் பதிப்பு உண்டு. பின்னட்டையில் வயதுக் குறி இருக்கும், அதைப் பார்த்துத் தட்டைப் பிரித்தால் போதும். வாங்கிய பிறகுதான் கவனம் தேவை. கிழிந்தால் பக்கவாட்டில் தைக்கும் பைண்டிங்குக்கு அனுப்பாதீர்கள், இரு பக்கமும் விரிந்த படத்தின் நடுப்பகுதியைத் தையல் விழுங்கிவிடும், ஓரம் வெட்டினால் வசனமும் போகும். நூலக முத்திரையைப் படத்தின் மேல் குத்தாதீர்கள், வெற்று ஓரத்தில் குத்துங்கள். முதல் தொகுதி சீக்கிரம் நைந்துவிடும், இரண்டு படி வாங்குங்கள். நடுவில் ஒன்று தொலைந்தால் அந்த மாதமே ஈடுசெய்யுங்கள், இல்லாவிட்டால் அதற்குப் பிந்தையவை தூசி தின்னும்.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நம் மாகாணம் போட்டது. சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்துக்கென்றே நாம் கட்டுகிறோம். மாமன்ற உறுப்பினர் அவர்கள் அந்தப் பணத்திலிருந்து இந்தக் கிளைக்கு நான்கு முழுத்தொகுப்பு கிடைக்க ஒரு பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். மாணவர்களே, வாசலில் நூலகர் அம்மா பரிந்துரைப் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கிறார். தலைப்பை எழுதும்போது பக்கத்திலேயே எத்தனை தொகுதி என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.