எல்லைக்கோட்டை எப்படிச் சொல்வது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சுற்றுச்சூழல் நலம் குறித்த ஆய்வு பெரும்பாலும் ஓர் எண்ணாகவே வெளியே வருகிறது. நீரில் இவ்வளவு, காற்றில் இவ்வளவு, குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு என்கிறோம். அதைக் கேட்டவர் உடனே கேட்பது, "இது பரவாயில்லையா, கூடாதா?" என்பதுதான். அதற்கு விடை சொல்ல நாம் நடுவில் ஒரு கோடு கிழிக்கிறோம். அந்தக் கோட்டை ஏன் அந்த இடத்தில் கிழித்தோம் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதே நம் துறையின் பெருங்குறை என்று நான் கருதுகிறேன்.

வங்கதேசத்தின் அடிபம்புகளை எடுத்துக்கொள்வோம். குளத்து நீரால் பரவிய வயிற்றுநோய்களிலிருந்து மக்களைக் காக்கவே அவை ஊர் ஊராகப் போடப்பட்டன. அந்த நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு இருப்பது 1993-இல் தெரியவந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. உள்ளங்கை தடித்துத் தோலில் புள்ளிகள் தோன்றுவதற்குள் பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. ஆகவே லட்சக்கணக்கான பம்புகளைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பும், இல்லாவிட்டால் பச்சையும் பூசினார்கள். எழுத்தறியாதவருக்கும் அது விளங்கியது. ஆர்செனிக்கின் அளவு ஆழத்துக்கு ஆழம், இடத்துக்கு இடம் மாறுவதால், சிவப்புப் பம்புக்குச் சற்றுத் தள்ளியே பல இடங்களில் பச்சைப் பம்பும் இருந்தது. பலர் குடத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். எச்சரிக்கையும் மாற்றுவழியும் ஒரே பார்வையில் கிடைத்ததால்தான் அந்தச் செய்தி வேலை செய்தது என்பது என் எண்ணம்.

ஆயினும் 49 இருந்தால் பச்சை, 51 இருந்தால் சிவப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ 10 மைக்ரோகிராம்தான். அதைப்போல் நான்கு மடங்கு ஆர்செனிக் உள்ள நீரும் பச்சைப் பம்பிலிருந்து வரலாம். சாயம் காலப்போக்கில் உதிரும். பிறகு போட்ட பம்புகளுக்குச் சாயமே இல்லை. அந்த நெருக்கடியில் இரண்டு நிறங்களைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் குறை கூற மாட்டேன். ஆனால் பச்சை என்றால் நஞ்சில்லை என்று பொருளல்ல, சிவப்பைவிடக் குறைவு என்றே பொருள் என்பதையும் யாராவது அந்தக் குடும்பங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மருத்துவர்களிடமும் இதே சிக்கல் உண்டு. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991-இல் 10 என்றும், 2012-இல் 5 என்றும், 2021-இல் 3.5 என்றும் அளவு வைத்தது. இந்த 3.5 நஞ்சு தொடங்கும் இடமல்ல. அந்நாட்டுச் சிறு குழந்தைகளில் மிக அதிக ஈயம் உள்ள 2.5 விழுக்காட்டினரைப் பிரித்துக் காட்டும் புள்ளிவிவரக் கோடு. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. இதை அறியாத மருத்துவர் 3.4 என்ற அறிக்கையைப் பார்த்து "நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். வீட்டுச் சுவரில் உரிந்து விழும், ஈயம் கலந்திருக்கக்கூடிய பழைய பெயிண்ட்டைப் பற்றிக் கேட்கமாட்டார். அவரைக் குறை சொல்வதற்கு முன், அறிக்கைத் தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நாம் என்ன எழுதியிருந்தோம் என்று பார்க்க வேண்டும்.

சொல்லும் இப்படியே தடுமாற வைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் பதப்படுத்திய இறைச்சியை 2015-இல் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தபோது, இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பலர் புரிந்துகொண்டார்கள். அந்தப் பிரிவு குறிப்பது சான்றின் வலிமையை. ஆபத்தின் அளவை அல்ல.

நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள் என 1700-இல் மருத்துவர்களுக்கு எழுதினார் இத்தாலியரான பெர்னார்டினோ ரமாட்சினி. அந்த ஒரு கேள்வி எத்தனையோ நோய்களின் வேரைக் காட்டியது. நாமும் ஒரு கேள்வியைப் பழக்கிக்கொள்ளலாம். பரிசோதனை முடிவை அச்சிடும் முன், அதைப் பெறப்போகும் தாய் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, "இதைப் படித்த பிறகு நாளைக் காலையில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்போம். அவர் பதில் சொல்லத் திணறினால், கடிதத்தைத் திரும்ப எழுதுவோம்.