தைரியம் சொல்வதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

"என்னமோ தெரியல, எதிலயும் மனசு ஒட்டவே மாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னால் நாம் உடனே என்ன சொல்வோம்? "மனசைத் தைரியமா வச்சுக்கோ, எல்லாம் சரியாயிடும்." அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அவர் தலையை ஆட்டிவிட்டு, கையிலிருக்கும் டம்ளரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பேச்சு அங்கேயே முடிந்துபோகும்.

மனநலம் மனசுக்குள் மட்டும் உருவாவதில்லை. பிறவியிலேயே வரும் சுபாவம் கொஞ்சம் உண்டு. கடன், நிலையில்லாத வேலை, சின்ன வயதில் பட்ட அடி, உடல்நோய், தூக்கம் எல்லாமே அதில் கை வைக்கின்றன. கரோல் ரிஃப் என்ற உளவியல் அறிஞர் 1989-இல் உளநலத்துக்கு 6 கூறுகளைச் சொன்னார். தன்னை ஏற்றுக்கொள்வது, நல்ல உறவுகள், சுயமாக முடிவெடுப்பது, அன்றாடத்தைச் சமாளிக்கும் திறன், வாழ்வில் ஒரு நோக்கம், வளர்ச்சி. எப்போதும் சிரித்த முகமாக இருப்பது அதில் இல்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

இவற்றில் உறவைத்தான் நான் முதலில் வைப்பேன். 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் வெளிவந்த ஓர் அலசலில், உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதற்காக நூறு பேர் வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் "என்ன ஆச்சு?" என்று எழுந்து உட்காரும் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

தூக்கம், பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். அப்புறம், சோர்ந்திருக்கும்போது மனசு வரட்டும், செய்யலாம் என்று காத்திருந்தால் அது வருவதே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். பல நேரம் செயல்தான் முன்னே போகும், மனசு பின்னால் வரும்.

சரி, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்? "அப்புறம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி அவர் பேசினால், "தற்கொலை எண்ணம் வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், உடனே மருத்துவ உதவி தேடுங்கள். மற்றபடி, சோர்வு 2 வாரம் தாண்டியும் விடாமல், சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் கெட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள். உள்ளே வர வேண்டாம் என்றால், வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருங்கள்.

வணக்கம்.