எட்டுச் சீனி டின்னும் கிளைக்கோமிக்ஸும்: ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. தெஹிவளையில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கொஞ்சம் நீளம், சுருக்கி வாசிக்கிறேன். "எனக்குப் பல வருஷமாகச் சீனி வருத்தம். மச்சாள் ஒரு டின் மாவு கொண்டுவந்து தந்தார். கிளைக்கோமிக்ஸ் என்ற புது விஞ்ஞானத்தின்படி செய்ததாம், உடம்புக்கு வேண்டிய எட்டு வகைச் சீனியும் இதில் இருக்கிறதாம், குடித்து வந்தால் குளிசையைக் குறைக்கலாமாம். உண்மையில் அப்படி ஒரு விஞ்ஞானம் இருக்கிறதா? கிளினிக்கில் ஏ1சி பார்க்கிறார்களே, அதுதானா இது?"

முதலில் குளிசை விஷயம். அதைக் குறைக்க வேண்டாம். உங்கள் டொக்டர் சொன்னால் மட்டும் குறையுங்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

கிளைக்கோமிக்ஸ் என்பது உண்மையான விஞ்ஞானம்தான். சிக்கல் எங்கே என்றால், எங்கள் ஊரில் "சீனி" என்ற ஒரே சொல் தேத்தண்ணிக்குப் போடுவதற்கும் வருத்தத்துக்கும் போதுமாக இருக்கிறது. கிளைக்கோமிக்ஸ் ஆராய்வது இந்த இரண்டையும் அல்ல. உங்கள் கலங்களின் வெளிப்பக்கத்தில் மயிர் முளைத்த மாதிரி சீனிச் சங்கிலிகள் நிற்கின்றன. எங்கள் உடம்புப் புரதங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு சீனிச் சங்கிலியைச் சுமப்பதாக மதிப்பிடுகிறார்கள். அந்தச் சங்கிலிகளை முழுத் தொகுதியாக வைத்துப் படிப்பதுதான் கிளைக்கோமிக்ஸ்.

இதை நீங்கள் ஏற்கனவே கண்டிருக்கிறீர்கள், பெயர்தான் தெரியாது. உங்கள் இரத்த வகை என்ன? ஏ, பி, ஓ எல்லாமே சீனிதான். செங்குழியத்தின் மேல் உள்ள சங்கிலி ஃபியூகோஸ் என்ற சீனியோடு முடிந்தால் நீங்கள் ஓ. அதோடு இன்னுமொரு சீனி சேர வேண்டும், கலக்டோஸ் சேர்ந்தால் பி, கலக்டோஸில் சின்ன மாற்றம் செய்த அதன் சகோதரம் சேர்ந்தால் ஏ. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கடைசிச் சீனியை ஒட்டும் நொதியம், அதாவது உடம்புக்குள் இப்படியான வேலைகளைச் செய்யும் புரதம், ஏ வகைக்காரருக்கும் பி வகைக்காரருக்கும் வெறும் நான்கு அமினோ அமிலங்களில்தான் வேறுபடுகிறது. ஆனால் ஓ வகைக்காரருக்கு ஏ இரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து வரலாம். நான் ஆய்வுகூடத்தில் இருந்த காலத்தில் தினமும் பார்த்த காட்சி: வெள்ளை ஓட்டில் ஒரு துளி இரத்தம், பக்கத்தில் ஏ வகையின் சீனியைப் பிடிக்கும் ஆன்டி-ஏ என்ற நீல நிறத் திரவம் ஒரு துளி, குச்சியால் கலந்து ஓட்டை மெல்ல ஆட்டினால், ஏ வகை என்றால் சில விநாடியில் பால் திரைந்த மாதிரி கட்டி கட்டியாகப் பிரியும். கார்ல் லான்ஸ்ரைனர் 1901இல் இரத்த வகைகளை எழுதி வைத்தார். அந்தத் திரைதலுக்குக் காரணம் சீனிதான் என்று வால்டர் மோர்கனும் வினிஃபிரெட் வொட்கின்ஸும் லண்டனில் பிரித்துக் காட்ட 1950கள் ஆகிவிட்டன.

அப்போ ஏ1சி? அது வேறு. இரத்தத்தில் குளுக்கோஸ் கூடினால் அது தானாகவே போய் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். எந்த நொதியமும் கூப்பிடுவதில்லை. வெளியே விட்ட சைக்கிளில் துரு ஏறுவதற்கும், அதே சைக்கிளுக்கு ஒருவர் இருந்து பெயின்ட் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். ஏ1சி என்பது துருவை அளப்பது. செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், இரண்டு மூன்று மாதத்துச் சீனி நிலைமை அதில் தெரிகிறது. நல்ல சோதனை, தொடர்ந்து செய்யுங்கள். கிளைக்கோமிக்ஸ் பார்ப்பது நொதியங்கள் இருந்து செய்யும் பெயின்ட் வேலையை.

அந்தப் பெயின்ட் வேலையைப் படிப்பது ஏன் இவ்வளவு பிந்தியது? டிஎன்ஏக்கு ஒரு அச்சு இருக்கிறது, ஒன்றைப் பார்த்து மற்றது பிரதியாகும். புரதத்துக்கும் அந்த டிஎன்ஏயில் எழுத்து இருக்கிறது. சீனிச் சங்கிலிக்கு அப்படி மூலப்பிரதி கிடையாது. கலத்துக்குள்ளே நொதியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, கையில் கிடைத்ததை ஒட்டுவதும் வெட்டுவதுமாகக் கட்டுகின்றன. அதோடு கிளையும் விடும். மூன்று வெவ்வேறு அமினோ அமிலங்களை வரிசையாகக் கோர்த்தால் ஆறு விதம்தான் வரும். மூன்று சீனிகளை இணைத்தால் ஆயிரத்துக்கு மேல் விதம் வரும். மனித மரபணுத் திட்டம் 2003இல் முடிந்தது என்று அறிவித்தார்களே, சீனிக்கு அப்படி ஒரு "முடிந்தது" இன்னும் இல்லை.

இந்தச் சங்கிலிகளைப் பிடித்துப் பார்க்க ஒரு கருவி வேண்டும். திணிவு நிறமாலைமானி என்று விலைகூடிய இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் எனக்குப் பிடித்த கருவி பலாக்கொட்டை. சிரிக்காதீர்கள். பலாக்கொட்டையில் ஜக்கலின் என்று ஒரு புரதம் இருக்கிறது, குறிப்பிட்ட சில சீனிகளைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். பச்சைக் கொட்டையைத் தோல் நீக்கி அரைத்து உப்பு நீரில் ஊறவைத்து, வடித்த நீரில் ஒரு துளியை இரத்தத்தோடு கலந்து ஒருமுறை பிள்ளைகளுக்குக் காட்டினேன். திரைந்து போய்விட்டது. ஏ, பி, ஓ என்ற பேதமே இல்லை, எல்லா வகையும் திரைந்தது. ஒரு பிள்ளை உடனே கேட்டது, "சேர், அப்போ பலாக்கொட்டைக் கறி?" அவித்தால் புரதம் குலைந்துவிடும், பயமில்லாமல் சாப்பிடலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில்தான் ஜக்கலின் சீனியைப் பிடிக்கும் முறையைப் படிக வடிவில் கண்டு 1996இல் வெளியிட்டார்கள்.

இதனால் வைத்தியத்துக்கு என்ன? ஐஜிஏ நெஃப்ரோபதி என்று ஒரு சிறுநீரக வருத்தம் இருக்கிறது. தடிமன் வந்து ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும், சிலருக்கு அப்படித்தான் முதலில் தெரியவரும். அதில் நடப்பது என்னவென்றால், ஐஜிஏ என்ற பிறபொருளெதிரியின் (கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம்) கழுத்துப் பகுதியில் உள்ள சங்கிலிகளில் கலக்டோஸ் குறைந்துபோகிறது. ஒரு சீனி இல்லாத அந்த இடத்தை உடம்பு "இது யாரோ" என்று நினைத்து எதிர்க்கிறது, இரண்டும் சேர்ந்து கட்டியாகிச் சிறுநீரக வடிகட்டியில் போய்ப் படிகிறது. அந்த ஐஜிஏயை நோயாளியின் இரத்தத்தில் இருந்து பிரித்தெடுக்க ஆய்வுகூடங்களில் பாவிப்பது எது தெரியுமா? எங்கள் ஜக்கலின்தான். இதேபோல, முடக்குவாதக்காரருக்கு ஐஜிஜி பிறபொருளெதிரியில் கலக்டோஸ் குறைகிறது என்று 1985இலேயே ஒக்ஸ்போர்ட் ஆட்கள் காட்டினார்கள்.

இன்புளுவென்சா வைரசையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். எச்1என்1 என்று சொல்கிறோமே, அந்த எச் என்பது எங்கள் கலத்தின் மேல் உள்ள சியாலிக் அமிலச் சீனியைப் பிடிக்கும் கை. என் என்பது வெளியேறும்போது அதை வெட்டிவிடும் கத்தரிக்கோல். ஒசெல்ட்டமிவிர் குளிசை அந்தக் கத்தரிக்கோலைத்தான் மழுக்குகிறது. பறவைக் காய்ச்சல் எங்களுக்கு இலகுவில் தொற்றாததற்கு ஒரு முக்கிய காரணமும் இங்கேதான்: பறவையில் அந்தச் சீனி ஒட்டியிருக்கும் விதமும் எங்கள் தொண்டை, மூக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விதமும் வேறு.

சதையிப் புற்றுநோய்க்கு எடுக்கும் சிஏ 19-9 பரிசோதனை அளப்பதும் ஒரு சீனி அமைப்பைத்தான். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதைக் கட்டும் நொதியம் பிறப்பிலேயே வேலை செய்யாது. அவர்களுக்குப் புற்றுநோய் இருந்தாலும் ரிப்போட்டில் எண் ஏறாது. பித்தக்குழாய் அடைத்தால் புற்றுநோய் இல்லாமலே ஏறும். ரிப்போட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்து அழுகிறவர்களுக்காகவும், சந்தோஷப்படுகிறவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

இனி டின்னுக்கு வருவோம். எட்டுச் சீனி என்பது முழுப் பொய் இல்லை, அதுதான் தொல்லை. சங்கிலிகளில் வழக்கமாகக் காணப்படும் சீனிகள் எட்டு என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. "காணப்படும்" என்பதை "சாப்பிட வேண்டும்" என்று மாற்றிவிட்டார்கள். சோற்றில் இருந்து வரும் குளுக்கோஸை வைத்து மற்ற ஏழையும் உங்கள் கலங்களே செய்துகொள்ளும். டின்னில் இருக்கும் தாவரச் சீனிகளில் பெரும்பங்கு உடம்பால் சமிக்க முடியாதவை, குடலில் உள்ள கிருமிகளுக்குத்தான் சாப்பாடு. 2008இல் இந்தத் துறையின் விஞ்ஞானிகள் ரொனால்ட் ஷ்னாரும் ஹட்சன் ஃபிரீஸும், தங்கள் துறையின் இதழிலேயே இந்த வியாபாரத்தை மோசடி என்று எழுதினார்கள். இத்தனைக்கும் ஃபிரீஸ், சீனி கொடுத்தால் சரியாகும் ஒரு வருத்தத்தில் வேலை செய்தவர். சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே ஒரு நொதியம் குறைவாக இருக்கும், அவர்களுக்கு மன்னோஸ் என்ற சீனியைக் கொடுத்தால் நல்ல பலன். மிக அரிதான வருத்தம், அதையும் வைத்தியரின் அளவுப்படிதான் கொடுப்பார்கள். உங்களுக்கு இருப்பது அது அல்ல.

டின் இன்னும் உடைக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். தந்தவர் மச்சாள் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு என்னிடம் விஞ்ஞானத்தில் பதில் இல்லை.