விழலாம்! அதற்காகத்தான் அந்த போல்ட்

வணக்கம் மக்களே. சாயல்குடி பக்கத்துப் பனங்காட்டில் இருந்து பேசுகிறேன். கடல் காற்று இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். "ஸ்போர்ட் கிளைம்பிங் என்றால் ஒலிம்பிக்கில் சுவரில் விறுவிறுவென்று ஏறுவார்களே, அதுதானே?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதுவும் உண்டு. ஆனால் சுவர் பிறகு வந்தது. முதலில் பாறைதான்.

அதோ, பதநீர் இறக்க ஏறுகிறாரே அந்த அண்ணனைப் பாருங்கள். காலில் தளைநார், இடுப்பில் பெட்டி. பிடி நழுவினால் தாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. இவர்களுக்கும் ஒரு தாங்கு கயிறு கட்டாயம் வேண்டும், அதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஸ்போர்ட் கிளைம்பிங் இதற்கு நேர்மாறு, அங்கே தாராளமாக விழலாம். பாறையைத் துளைத்து வழி நெடுக போல்ட் பதித்திருப்பார்கள். ஏறுபவர் ஒவ்வொரு போல்ட்டிலும் குயிக்டிரா, அதாவது இரண்டு கொக்கிகளை ஒரு பட்டையால் இணைத்த கருவியை மாட்டி, இடுப்புக் கயிற்றை அதில் கோத்துக்கொண்டே போவார். கீழே துணையாள் கயிற்றைக் கவனித்துக்கொள்வார். கடைசி போல்ட்டுக்கு ஒரு மீட்டர் மேலே நழுவினால் விழுவது இரண்டு மீட்டர், கயிறு நீள்வதால் இன்னும் கொஞ்சம். ஆனால் ஏறுவது கையாலும் காலாலும் மட்டுமே. கயிற்றைப் பிடித்து மேலே போனால் அது ஏறியதாகாது.

இந்த ஒழுங்கு ஜெர்மனியின் சாக்சனி மணற்கல் பாறைகளில் நூறு வருடத்துக்கு முன்பே இருந்தது. பாதுகாப்புக்கு வளையம் அடித்துக்கொள்ளலாம், அதைப் பிடித்து ஏறக்கூடாது. 1975இல் அதே ஜெர்மனியின் ஃபிராங்கன்யுரா பாறைப் பகுதியில் கர்ட் ஆல்பர்ட் என்ற பாறையேறி இன்னொன்று செய்தார். ஒரு வழியைக் கருவி எதையும் பிடிக்காமல் ஏறி முடித்தால், பாறையின் அடியில் சிவப்புப் புள்ளி வைத்தார். இன்றைக்கு 'ரெட்பாயிண்ட்' என்பது அதுதான்: எத்தனை தடவை விழுந்து பழகினாலும் சரி, கடைசியில் அடியிலிருந்து நுனி வரை விழாமல் ஒரே மூச்சில் ஏற வேண்டும். எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்ததே இதுதான்.

அப்புறம் பிரான்ஸ். வெர்தோன் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறை பல இடங்களில் வழவழவென்று இருக்கும், கருவி செருக விரிசல் கிடைக்காது. அதனால் மேலிருந்து கயிற்றில் இறங்கி போல்ட் அடித்தார்கள். அமெரிக்காவின் ஸ்மித் ராக்கில் 1983 வாக்கில் ஆலன் வாட்ஸ் என்ற பாறையேறி இதையே செய்தபோது, கீழிருந்து ஏறிக்கொண்டேதான் பாதுகாப்பு வைக்க வேண்டும் என்ற பழைய ஆட்கள் கொதித்தார்கள். 1985இல் இத்தாலியின் பர்தோனெக்கியாவில் பாறையிலேயே போட்டி நடந்தது. பிறகு செயற்கைச் சுவர், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்.

நம்மைப் போல் கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உப்புக் காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று பாம்பன்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். தாய்லாந்தின் கிராபி கடலோரப் பாறைகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளே விரிசல் விட்டு உடைந்திருக்கின்றன. அதனால் டைட்டேனியம் போல்ட்டைப் பசை வைத்துப் பதிக்கிறார்கள். கடலோரப் பாறையில் ஏறப் போனால், போல்ட் என்ன உலோகம், எப்போது அடித்தது என்று அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டுக் கயிற்றைக் கட்டுங்கள்.