கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்

வணக்கம் நேயர்களே. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் கிளட்சை, அதாவது என்ஜினின் சுழற்சியை கியர்பாக்ஸோடு சேர்த்தும் பிரித்தும் விடும் பாகத்தை, வீட்டு கராஜிலேயே மாற்ற முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும், ஆனால் எல்லா வண்டியிலும் இல்லை. முன்சக்கர ஓட்டம் உள்ள வண்டிகளில் ஆக்ஸிலைக் கழற்று, சப்ஃபிரேமை இறக்கு என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். அதனால் வீட்டில் செய்யத் தோதான ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமாகி, இங்கே கனடாவிலும் அமெரிக்காவிலும் மியாட்டா என்ற பெயரில் ஓடிய குட்டி இருவர் கார். முதல் தலைமுறையில் தொடக்கத்தில் வந்தது 1.6 லிட்டர் என்ஜின், பின்சக்கர ஓட்டம். கியர்பாக்ஸ் நேர்கோட்டில் பின்னால் வருவதால் கீழே படுத்தே கழற்றிவிடலாம்.

முதலில், போனது கிளட்ச்தானா என்று பாருங்கள். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் எகிறி, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. கியர் விழ மறுக்கிறது, பெடல் தொளதொளவென்று இருக்கிறது என்றால் அது வேறு கதை. இந்த வண்டியில் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது பெடலை மிதிக்கும்போது எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் சிறு சிலிண்டர், கசிவது சகஜம். அதன் ரப்பர் உறையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். இரண்டு போல்ட்டையும் ஒரு பைப்பையும் கழற்றி, சிலிண்டரை மாற்றி, பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றினால் வேலை முடிந்தது.

சரி, கிளட்ச்தான் என்று முடிவாகிவிட்டது. நாலு பக்கமும் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் படுக்காதீர்கள். பேட்டரி, சைலன்ஸர் குழாய், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று வரிசையாகக் கழற்றிக்கொண்டே வரலாம். ஷாஃப்டைக் கழற்றும் முன், பின்முனையில் ஒன்றோடொன்று சேரும் இரண்டு ஃபிளாஞ்சிலும் (போல்ட் போடும் வட்டத் தட்டுகள்) பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டிய பிறகு அதிர்வு வரலாம். இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு, சைலன்ஸர் நட்டுகளை இறுகப் பிடித்து வைத்திருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். பாதி நேரம் இந்த நட்டுகளோடுதான் போகும்.

இந்த வண்டிக்கென்றே ஒரு விசேஷம் உண்டு. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. கியர்பாக்ஸுக்கென்று தனி மவுன்ட் கிடையாது. சட்டத்தைக் கழற்றினால் கியர்பாக்ஸின் வால் தொங்கிவிடும். அதனால் முன்கூட்டியே அடியில் ஜாக்கி கொடுத்துவிட வேண்டும்.

கியர்பாக்ஸை என்ஜினோடு சேர்க்கும் மணி வடிவ உறையான பெல் ஹவுசிங்கின் உச்சியில் இருக்கிற போல்ட்டுகள்தான் பொறுமையைச் சோதிப்பவை. எக்ஸ்டென்ஷன்களை ஒன்றோடொன்று மாட்டி, கியர்பாக்ஸின் வால் பக்கத்திலிருந்து நீட்டித்தான் எட்ட வேண்டும். கியர்பாக்ஸ் முப்பது கிலோவுக்குக் குறையாது. ஒரு நண்பரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கிய பிறகு வருவதுதான் உண்மையான கிளட்ச் வேலை. அது ஒரு மணி நேரம்கூட ஆகாது. பழைய பிளேட்டின் தூளை காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, ஈரத்துணியால் துடையுங்கள். என்ஜினோடு சுழலும் கனமான வட்டான ஃப்ளைவீலில் நீலத்திட்டுகளோ மயிரிழை விரிசலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என்ஜின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். புது பிளேட்டில் எண்ணெய் பட்டால் அவ்வளவு உழைப்பும் வீண்.

ஃப்ளைவீலின் நடுவில், கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கை எடுக்க இங்குள்ள ஆட்கள் ஒரு வித்தை செய்கிறார்கள். ஓட்டைக்குள் நனைத்த ரொட்டியைத் திணித்து, சரியான பருமனுள்ள கம்பியால் சுத்தியல் கொண்டு அடிக்கிறார்கள். ரொட்டி போக வழியில்லாமல் பின்னாலிருந்து பேரிங்கைத் தள்ளிவிடும். கிரீஸிலும் செய்யலாம், ரொட்டி என்றால் துடைக்கச் சுலபம்.

பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விலக்கும் ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இரண்டையும் கட்டாயம் மாற்றுங்கள். விலை சொற்பம், ஆனால் மறுபடி அங்கே போகிற உழைப்பு சொற்பமில்லை. அப்புறம், பலர் ஆசைப்படும் ரேஸ் கிளட்ச். என்ஜினுக்கு டர்போ மாட்டவில்லை என்றால் அது தேவையே இல்லை. பெடல் கல்லாகக் கனக்கும், சிக்னலில் வண்டி குதித்துக் குதித்துக் கிளம்பும். கம்பெனி கொடுத்த அளவே போதும்.

கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் புது பிரஷர் பிளேட்டின் மேல் துருப் பிடிக்காதிருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடையுங்கள். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த, கிட்டோடு வரும் பிளாஸ்டிக் குச்சியே போதும். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் கனம் முழுவதையும் பிளேட்டின் மேல் தொங்கவிடாதீர்கள். இடைவெளி மூடவில்லை என்று போல்ட்டால் இழுக்கவும் வேண்டாம். ஹவுசிங்கின் காது உடைந்துபோகும். வெளியே இழுத்து, கொஞ்சம் திருப்பி, மறுபடி தள்ளினால் தானே உட்காரும்.

கியர் லீவரின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். காருக்குள் சூடு வருவது அது வழியாகத்தான். லீவர் உட்காரும் குழிக்குத் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும், இதை மறப்பவர்கள் அதிகம். கியர்பாக்ஸுக்கு இரண்டு லிட்டர். முதல் எண்ணூறு கிலோமீட்டர் ஊருக்குள் நிதானமாக ஓட்டுங்கள். ரேஸ் டிராக் காத்திருக்கட்டும். நன்றி, வணக்கம்.